மொழி ஸ்பெல்கள்: மேஜையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நான் டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) நடத்த ஆரம்பித்ததிலிருந்து, சண்டை விதிகளைவிட அதிகம் சந்தேகம் கிளம்பியது மொழி ஸ்பெல்களில்தான், அதாவது மொழி புரியவைக்கும் மந்திரங்களில்தான். புது ஆள் ஒருவர் சேர்ந்தால் அதே கேள்விகள் மறுபடி வரும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. 2024 திருத்தத்தில் மாறியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். விதி வாய் திறக்காத இடங்களில் எங்கள் மேஜை வழக்கம் எதுவோ அதை, வழக்கம் என்று சொல்லியே கொடுத்திருக்கிறேன்.

நான் இதுவரை ஆடினதே இல்லை. மொழி ஸ்பெல்னா என்ன, எதுக்கு?

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ஆட்டம் இது. ஆளுக்கொரு கேரக்டர், டிஎம் உலகத்தை விவரிப்பார், என்ன செய்கிறோம் என்று நாம் சொல்வோம், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை பார்த்துக்கொள்ளும். அந்த உலகத்தில் காமன் என்று ஒரு பொதுமொழி உண்டு. அது போக ட்வார்ஃப், எல்ஃப், கோப்ளின், டிராகன் எல்லாருக்கும் தனித்தனி மொழி. உங்கள் கேரக்டருக்கு இரண்டு, மூன்று மொழிதான் தெரிந்திருக்கும். தெரியாத மொழியில் ஒரு கடிதமோ காவலர்கள் பேச்சோ குறுக்கே வரும்போது கைகொடுப்பவை இரண்டு ஸ்பெல்கள்: காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ், டங்ஸ்.

முதலாவது முதல் லெவல் ஸ்பெல். போட்டவருக்கு 1 மணி நேரம் எந்த மொழியும் காதில் விழுந்தால் புரியும், எழுத்தைத் தொட்டால் படிக்க வரும். இரண்டாவது மூன்றாம் லெவல். யாரைத் தொட்டுப் போடுகிறோமோ அவருக்கு 1 மணி நேரம் எந்தப் பேச்சும் புரியும், அவர் பேசுவதும் மற்றவர்களுக்குப் புரியும். இரண்டுக்கும் கான்சன்ட்ரேஷன், அதாவது ஸ்பெல் நிற்கும்வரை அதிலேயே கவனம் வைத்திருக்க வேண்டிய கட்டாயம், கிடையாது. போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

காம்ப்ரிஹெண்ட் போட்டாச்சு. இப்ப நான் கோப்ளின்கிட்ட பேசலாம்ல?

பேசலாம், அதற்குத்தான் புரியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். காம்ப்ரிஹெண்ட் உங்கள் காதையும் விரலையும் திறந்துவிடுகிறது, வாயைத் தொடுவதில்லை. கோப்ளின் திட்டுவது அட்சரம் பிசகாமல் புரியும். திருப்பித் திட்ட வழியில்லை. கையைக் காலை ஆட்டிச் சைகையில் சமாளிக்கலாம். எங்கள் மேஜையில் ஒருவர் அப்படி அரை மணி நேரம் ஒரு கோப்ளினிடம் வழி கேட்டார். அந்த வாரத்தின் சிறந்த காட்சி அதுதான்.

அப்போ டங்ஸே எடுத்துக்கலாமே? அதுதான் ரெண்டு பக்கமும் வேலை செய்யுதே?

டங்ஸுக்குப் படிக்கத் தெரியாது. அதன் வரியில் பேச்சு மட்டும்தான் இருக்கிறது; எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிசாசு மன்னனோடு சரளமாகப் பேரம் பேசிவிட்டு, அவன் நீட்டும் ஒப்பந்தத்தைப் படிக்க முடியாமல் முழிக்கலாம். பிசாசு மன்னர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

விலையிலும் வித்தியாசம் உண்டு. ஸ்லாட் என்பது ஸ்பெல் போடும் வாய்ப்பு, அளவாகத்தான் இருக்கும். மூன்றாம் லெவல் ஸ்லாட் ஒரு விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) அவரே ஐந்தாவது லெவலை எட்டினால்தான் கிடைக்கும். அதே ஸ்லாட்டில் ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டும் போடலாம், அதனால் கை தயங்கும். காம்ப்ரிஹெண்ட் முதல் லெவலிலேயே வந்துவிடுகிறது. இரண்டையும் எடுக்க முடிகிறவர்கள் பார்ட், சோர்சரர், வார்லாக், விசார்ட் என்ற வகைக் கேரக்டர்கள். பூசாரி மாதிரியான கிளரிக்குக்கு டங்ஸ் உண்டு, காம்ப்ரிஹெண்ட் கிடையாது. கோயில் கல்வெட்டைப் படிக்கக் கோயில்காரரால் முடியாது என்று இதைப் பார்த்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

ரிச்சுவல்னு போட்டிருக்கே, அது இலவசமா?

ஸ்லாட் செலவில்லை, நேரம்தான் செலவு. ரிச்சுவல் குறி உள்ள ஸ்பெல்லை வழக்கமான நேரத்தோடு 10 நிமிடம் கூட்டி மெதுவாகப் போட்டால் ஸ்லாட் கழியாது. காம்ப்ரிஹெண்டுக்கு அந்தக் குறி உண்டு, டங்ஸுக்கு இல்லை. முதல் லெவல் விசார்டிடம் ஒரு நாளைக்கு 2 ஸ்லாட்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். விசார்டுக்கு இன்னொரு சலுகை: அன்றைக்குத் தயார் செய்யாவிட்டாலும், புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் ரிச்சுவலாகப் போடலாம்.

2014 விதிப்படி சோர்சரருக்கு ரிச்சுவல் வழி கிடையாது. வார்லாக்குக்கும் சாதாரணமாகக் கிடையாது. 2024-இல் ரிச்சுவல் குறியுள்ள ஸ்பெல்லைத் தயாராக வைத்திருக்கும் யாரும் அப்படிப் போடலாம் என்று தளர்த்திவிட்டார்கள். நல்ல திருத்தம். கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது, 10 நிமிடம் காத்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும் காவலர்கள் காத்திருக்க மாட்டார்கள். அங்கே ஸ்லாட்டைச் செலவழியுங்கள்.

கல்வெட்டு பத்தடி உயரத்துல இருக்கு. பார்த்தே படிக்கக் கூடாதா?

கூடாது. எழுத்து எந்தப் பரப்பில் இருக்கிறதோ அந்தப் பரப்பை நீங்கள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் படிக்க ஏறக்குறைய 1 நிமிடம் ஆகும். தூரத்துக் கப்பலின் கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்று இதை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏணி வையுங்கள், இல்லை ஒருவர் தோளில் ஒருவர் ஏறுங்கள்.

மேஜ் ஹேண்ட் அனுப்பித் தொடலாமா என்பார்கள். தொட வேண்டியது நீங்கள், அந்த மாயக் கை நீங்கள் இல்லை. கையுறை போட்டுத் தொடலாமா? தோல் பட வேண்டும் என்று விதியில் இல்லை, நான் விடுகிறேன். கல்வெட்டைப் படி எடுத்து வந்து அந்தத் தாளைத் தொட்டுப் படிக்கலாமா? தாராளமாக. தாளில் இருப்பதும் எழுத்துதான். படி எடுத்தவருக்கு மொழி தெரியாவிட்டால் சுழி, கொம்பு விட்டுப்போகும், அது வேறு விஷயம்.

தொட வேண்டும் என்பதை டிஎம்கள் மறக்கக் கூடாது. தொட்டால் வெடிக்கும் கதவு, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய ஏடு, தூங்கும் டிராகனின் வயிற்றுக்கடியில் பாதி தெரியும் பலகை. இந்த ஸ்பெல்லைத் தடை செய்யாமலே சுவாரசியமாக்க இத்தனை வழி இருக்கிறது.

"சொல்லுக்கு நேரான பொருள் புரியும்"னு இருக்கே. நேரான பொருள்னா?

காம்ப்ரிஹெண்ட் ஸ்பெல்லின் மொத்த ருசியும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த உலகத்தில் தமிழும் ஒரு மொழி என்று வைத்துக்கொள்வோம். தமிழ் தெரியாத ஒரு ட்வார்ஃப் விசார்ட் காம்ப்ரிஹெண்ட் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்கிறார். உள்ளே ஒருவன் சொல்கிறான்: "எல்லாருக்கும் அல்வா குடுத்துட்டு கம்பி நீட்டிட்டான்." ட்வார்ஃப் என்ன குறித்துக்கொள்வார்? எல்லாருக்கும் ஓர் இனிப்பு வழங்கப்பட்டது, பிறகு ஓர் உலோகக் கம்பி நீளமாக்கப்பட்டது. திருடன் கொல்லனாக இருக்கலாம் என்று தன் கூட்டாளிகளிடம் போய்ச் சொல்வார். அடுத்தவன் "மாமா வர்றாரு" என்கிறான். ட்வார்ஃபுக்குக் கேட்பது தாயின் சகோதரர் வருகிறார் என்று. போலீஸ் வந்து கழுத்தில் கை வைக்கும்போதுதான் விளங்கும். கடைசியாக ஒருவன் "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நம் ட்வார்ஃப் அவன் வருவான் என்று பொழுது விடிகிறவரை வாசலில் உட்கார்ந்திருப்பார்.

இதை கோப்ளின் மொழிக்குத் திருப்பிப் போடுங்கள். ஒருமுறை காவலர்கள் வாயில் "தலைவர் இன்றைக்கு மூன்று எலி தின்றிருக்கிறார்" என்று ஒரு வரி வைத்தேன். தலைவர் கொலைவெறியில் இருக்கிறார் என்பது அதன் அர்த்தம். எங்கள் ஆட்கள் எலி விஷம் தேடிச் சமையலறைக்குள் போனார்கள். இப்படி வைக்கும்போது புரிந்துகொள்ள ஒரு வழியும் வையுங்கள்: கோப்ளின்களோடு வாழ்ந்த கேரக்டர் ஒருவர், அல்லது கேரக்டரின் வரலாற்று அறிவைச் சோதிக்க ஒரு பகடை. வரிக்கு வரி மரபுத்தொடராகப் போட்டால் ஸ்பெல்லைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் ஆட்டத்துக்கு ஒன்று போதும்.

கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம்: டங்ஸ் வரியில் "நேரான பொருள்" என்ற கட்டுப்பாடு இல்லை, புரியும் என்று மட்டும் இருக்கிறது. ஆகவே டங்ஸ் போட்டவருக்கு எலியின் அர்த்தத்தையும் நான் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் லெவல் ஸ்லாட்டுக்கு அந்த மரியாதை வேண்டாமா?

திருடர் பாஷை இதுல மாட்டுமா? ட்ரூயிட் பாஷை?

இரண்டும் ரகசியம்தான், ஆனால் ஒரே மாதிரி ரகசியம் இல்லை. இயற்கையை வழிபடும் ட்ரூயிட்களின் ட்ரூயிடிக் ஒரு மொழி. எழுதி வைத்திருப்பதை மற்றவர்கள் கவனித்தாலும் மந்திரம் இல்லாமல் படிக்க முடியாது என்று விதியே சொல்கிறது. அப்படியென்றால் மந்திரம் இருந்தால் முடியும். தொட்டுப் படியுங்கள்.

திருடர் பாஷையான தீவ்ஸ் கேன்ட் அப்படி இல்லை. சாதாரணப் பேச்சுக்குள் செய்தியை ஒளித்து வைக்கும் முறை அது. நேரடியாகச் சொல்வதைவிட நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மேலே சொன்ன ட்வார்ஃப் கதைதான் இங்கேயும். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை, வெள்ளிக்கிழமை கஞ்சி கொண்டு போ" என்று கேட்கும். அதற்குள் கிடங்கில் காவல் குறைவு, வெள்ளிக்கிழமை வா என்று இருப்பது கேட்காது.

சங்கேத எழுத்து, இன்னொரு விசார்டோட ஸ்பெல் புக்கு, இதையெல்லாம்?

ரகசியச் செய்தியை உடைக்காது, மொழியோடு சேராத மந்திரக் குறிகளையும் விளக்காது என்று ஸ்பெல்லே வாயால் சொல்லியிருக்கிறது. எழுத்தை மாற்றிப் போட்ட கடிதம் என்றால், மாற்றிப் போட்ட அதே குப்பைதான் உங்களுக்கும் தெரியும். அடுத்தவர் ஸ்பெல் புத்தகம் அவரே கண்டுபிடித்த குறியீட்டில் இருக்கும். அதைப் பிரித்துப் படித்து உங்கள் புத்தகத்தில் ஏற்ற ஸ்பெல்லின் ஒவ்வொரு லெவலுக்கும் 2 மணி நேரமும் 50 தங்கக் காசும் ஆகும். குறுக்கு வழி இல்லை. 1974 பதிப்பிலேயே ரீட் லாங்குவேஜஸ் தனி, ரீட் மேஜிக் தனி என்று இரண்டு ஸ்பெல்லாகத்தான் வைத்திருந்தார்கள்.

இல்யூசரி ஸ்கிரிப்ட் என்று ஒரு குறும்புக்கார ஸ்பெல் உண்டு. எழுதியவர் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் உண்மைச் செய்தி தெரியும். மற்றவர்களுக்குக் கிறுக்கலாகவோ, முற்றிலும் வேறொரு செய்தியாகவோ தெரியும். அந்தப் பொய்ச் செய்தி எல்ஃப் மொழியில் இருந்தால், காம்ப்ரிஹெண்ட் அந்தப் பொய்யை மிகச் சரியாகப் படித்துக் காட்டும்.

ஓநாய்கிட்ட பேச டங்ஸ் போதுமா?

ஓநாய்க்கு மொழி இல்லை. கேட்பவர் ஏதாவது ஒரு மொழியாவது அறிந்தவராக இருந்தால்தான் டங்ஸ் வேலை செய்யும். விலங்குகளுக்கு ஸ்பீக் வித் அனிமல்ஸ் இருக்கிறது. அதுவும் முதல் லெவல் ரிச்சுவல்தான், ஆனால் 10 நிமிடம் மட்டும்.

உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வோர்க் பார்க்க ஓநாய் மாதிரி இருக்கும். கோப்ளின் மொழியும் தன் சொந்த மொழியும் பேசும். ராட்சதக் கழுகுக்குத் தனி மொழி உண்டு. காமன் பேச வராது, ஆனால் புரியும். எதிரில் நிற்பதன் குறிப்பில் மொழிகள் என்ற வரியைப் பாருங்கள். அங்கே கோடு போட்டிருந்தால் டங்ஸ் வீண்.

கோப்ளின் ஒண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கோம். டங்ஸ் யார் மேல போடணும், என் மேலதானே?

எல்லாரும் தன் மேல்தான் போட்டுக்கொள்கிறார்கள். வரியை மறுபடி படியுங்கள்: தொடப்பட்டவருக்கு எல்லாப் பேச்சும் புரியும், தொடப்பட்டவர் பேசுவது எல்லாருக்கும் புரியும். உங்கள் மேல் போட்டால் கோப்ளின் சொல்வது உங்கள் ஒருவருக்குத்தான் புரியும். மற்ற நான்கு பேரும் "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். கோப்ளின் மேல் போட்டால் அது பேசுவது அறையில் இருக்கும் எல்லாருக்கும் புரியும், எல்லாரும் கேட்பதும் அதற்குப் புரியும். ஒரு ஸ்லாட்டில் மொத்தக் குழுவும் விசாரணையில் இறங்கலாம்.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அடுத்த 1 மணி நேரத்துக்கு நீங்கள் மூலையில் நின்று எல்ஃப் மொழியில் குசுகுசுக்கும் திட்டமும் கோப்ளினுக்குத் தெரியும். மறுத்தால் என்ன என்று கேட்பார்கள். இந்த ஸ்பெல்லில் தடுப்புப் பகடை என்று எதுவும் எழுதவில்லை. கட்டிப்போட்ட ஆளைத் தொடுவதற்கு நான் பகடை கேட்பதில்லை.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே போட்டுக்கலாமா? அவங்களுக்குத் தெரியுமா?

தெரியும். இரண்டு ஸ்பெல்லுக்கும் வாய்விட்டு மந்திரம் சொல்ல வேண்டும். காம்ப்ரிஹெண்டுக்குக் கையசைவும் உண்டு. ஆயுதத்தோடு நிற்கும் ஓர்க் இனக் காவலன் முன்னால் திடீரென்று மந்திரம் முணுமுணுத்தால், அவன் அகராதியில் அது தாக்குதல். 1 மணி நேரம் நிற்கும் ஸ்பெல்தானே, உள்ளே நுழையும் முன்பே போட்டுக்கொண்டு போங்கள். ஒலியை அடக்கும் சைலன்ஸ் ஸ்பெல் போட்ட இடத்தில் எதுவும் நடக்காது: மந்திரம் சொல்லவும் முடியாது, பேச்சு காதில் விழவும் விழாது.

இன்னொன்று, புரிவதும் நம்புவதும் வேறு. பொய்யும் சுத்தமாக மொழிபெயர்ந்துதான் வரும்.

ஒருத்தருக்கு மட்டும் புரியுதுன்னா டிஎம் எப்படிச் சொல்றது? மேஜையில எல்லார் காதும் திறந்துதானே இருக்கு?

துண்டுச் சீட்டு. நான் அந்தக் காட்சியில் காவலர்கள் பேசியதை எழுதி அந்த ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் தன் வாயால் மற்றவர்களுக்குச் சொல்வார். பாதியை விழுங்குவார், சிலதைத் தனக்குச் சாதகமாகத் திரிப்பார். அது ஆட்டத்துக்கு நல்லது. நேரமில்லாத நாளில் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

இந்த ஸ்பெல் இருக்கும்போது மொழி கத்துக்கிட்ட கேரக்டருக்கு என்ன மரியாதை?

கற்றவருக்கு 1 மணி நேரக் கெடு இல்லை, தொட வேண்டியதில்லை, எலியின் அர்த்தமும் தெரியும். எழுத்துமுறையிலும் ஒரு லாபம் இருக்கிறது. கோப்ளின், ஓர்க், ஜயன்ட் மொழிகளை எல்லாம் ட்வார்ஃப் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ட்வார்ஃப் எழுத்து தெரிந்தவர் கோப்ளின் கடிதத்தை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துவிடலாம், அர்த்தம்தான் தெரியாது. அரபு எழுத்து மட்டும் தெரிந்த ஒருவர் கையில் அரபுத்தமிழ் நூல் ஒன்று கிடைத்த மாதிரி.

அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அவர் உரக்க வாசிக்க, காம்ப்ரிஹெண்ட் போட்டவர் பக்கத்தில் நின்று கேட்டால் போதும். காதில் விழுவது மொழிதானே? தொட முடியாத கல்வெட்டுக்கு இதை ஒருவர் என்னிடம் கேட்டபோது மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

டங்ஸுக்கு எதுக்குக் களிமண் கோபுரம்?

டங்ஸ் போடத் தேவைப்படும் பொருள் அது: ஜிகுராத் என்ற படிக்கட்டுக் கோபுரத்தின் சிறு களிமண் மாதிரி, பழைய மெசபடோமியக் கோயில் வடிவம். பைபிளின் ஆதியாகமத்தில் வரும் பாபேல் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வானம் தொடக் கோபுரம் கட்டினார்கள், அவர்கள் மொழி குழப்பப்பட்டது. அந்தக் குழப்பத்தை எடுத்துவிடும் ஸ்பெல்லுக்கு அதே கோபுரம். பெந்தெகொஸ்தே நாளில் இயேசுவின் சீடர்கள் அந்நிய பாஷைகளில் பேசியதைக் கேள்விப்பட்டவர்களுக்கு டங்ஸ் என்ற பெயரும் எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும். காம்ப்ரிஹெண்டுக்குத் தேவைப்படும் பொருள் ஒரு சிட்டிகை கரியும் உப்பும். 1978 பதிப்பிலும் இவைதான். அப்போது அதைத் திருப்பிப் போட்டு மொழியைக் குழப்பவும் முடியும். அந்த வசதியை இப்போது எடுத்துவிட்டார்கள், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சைகை மொழி?

2014 வரியில் "கேட்கும்" மொழி என்று இருந்ததால் இழுபறி. 2024-இல் இரண்டு ஸ்பெல்லிலுமே சைகை மொழியைச் சேர்த்துவிட்டார்கள். பழைய விதியில் ஆடினாலும் நான் இதைப் புதிய விதிப்படிதான் வைத்துக்கொள்கிறேன்.

கமாண்ட் ஸ்பெல்லுக்கு எதிராளிக்கு என் மொழி புரியணுமே. டங்ஸ் போட்டுட்டுப் போட்டா வேலை செய்யுமா?

கமாண்ட் ஒரே சொல்லில் கட்டளையிடும் ஸ்பெல். 2014 விதியில், உங்கள் மொழி புரியாதவரிடம் அது பலிக்காது என்று இருக்கிறது. கறாரான டிஎம் "உங்கள் பேச்சு புரிகிறது, மொழி புரியவில்லை" என்று வாதாடலாம். வக்கீல் புத்தி என்பேன். நீங்கள் சொன்ன "மண்டியிடு" அவனுக்குப் புரிந்துவிட்டது, பகடையை உருட்டட்டும். காம்ப்ரிஹெண்ட் மட்டும் போட்டிருந்தால் பலிக்காது. இரண்டாம் கேள்விக்கே மறுபடி போங்கள்.

செத்துப்போன எல்ஃப்கிட்ட ஸ்பீக் வித் டெட் போட்டோம். அவருக்கு எல்ஃப் மொழி மட்டும்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. டங்ஸ் சேர்த்துப் போட்டா?

இதுவரை வந்ததிலேயே சிக்கலான கேள்வி. ஸ்பீக் வித் டெட் என்பது பிணத்தைக் கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கும் ஸ்பெல். பிணத்துக்கு உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் தெரியும், மொழியும் அதில் அடக்கம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. பதிலைப் புரிந்துகொள்வதில் பிரச்சினை இல்லை. அதற்குக் காம்ப்ரிஹெண்டே போதும். கேள்வி கேட்பதில்தான் முடிச்சு. டங்ஸ் போட்டவர் பேச்சு ஒரு மொழியாவது அறிந்த "உயிரினத்துக்கு" புரியும். பிணம் உயிரினமா, பொருளா? பொருள் என்று வாதாடுபவர்கள் நிறைய.

எங்கள் வழக்கம் இது: ஸ்பீக் வித் டெட் அந்தப் பிணத்துக்கு உயிரின் சாயலையும் அறிவையும் தருகிறது, அதனால் அந்த 10 நிமிடமும் அது கேட்கும், புரிந்துகொள்ளும். டங்ஸை நீங்கள் உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். பிணத்தின் மேல் போட்டால் மறுபடியும் அதே உயிரினமா பொருளா சண்டை வரும். கேள்விகள் 5 மட்டும். முதல் முறை இதை அனுமதித்தபோது ஒருவர் ஆர்வத்தில் "நான் பேசறது புரியுதா?" என்று கேட்டுவிட்டார். எல்ஃப் "புரிகிறது" என்றார். மீதி 4.